இரண்டு தளங்களுக்கு ஒரு மகள்

மேல்மாடிக்கு வரும்போதெல்லாம் நிறைமதிக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது. கீழ்த்தளத்தில், அப்பாவின் கூடத்தில், தலைமுதல் கால்வரை முழுசாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுகிறவள், அம்மாவிடம் வந்ததும் அரை ஆளாகிவிடுவாள். ஈரக்காற்று வீசும் நாட்களில் இடுப்புவரைதான். மழை பிடித்துக்கொண்டால் முகம் மட்டும் சுவரோரம் மிதக்கும். உதடு ஒரு பக்கம் அசையும், பேச்சு சற்றுப் பொறுத்து வரும்.

அலையுரு என்பது அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட சங்கதி. போனில் பேசும் பழக்கம் போய், ஆளே வந்து உட்காரும் பழக்கம் வந்திருந்தது. அந்த முனையில் இருப்பவரை நாலு புறமும் பார்த்து அலையாக்கி அனுப்பினால், இந்த முனையில் அவர் ஒளியாக எழுந்து நிற்பார். தொட முடியாது, அவ்வளவுதான். மற்றபடி மூக்குத்தி மினுக்குவதுகூடத் தெரியும். ஆனால் அதற்கு அலை தாராளமாக வேண்டும். வீட்டுக்கு ஒரு வரத்துதான் என்று அரசாங்கம் அளந்து விட்டிருந்தது. திருச்சி கருமண்டபத்தில் இருந்த அந்த வீட்டின் வரத்து கீழ்த்தளச் சுவரில் வந்து இறங்கியது. அங்கிருந்து மேலே ஏற வேண்டுமானால் நிறைமதியின் அப்பா பிரசன்னாவின் தகப்பனார் போட்ட கூரைத் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஏற வேண்டும். அவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். பாலத்துக்குப் போடுகிற மாதிரியே வீட்டுக்கும் கம்பி போட்டுவிட்டார். வருகிற அலையில் பாதியை அந்தக் கம்பியே தின்றுவிடும்.

கீழே பிரசன்னா. மேலே அவர் மனைவி மோனிஷா. இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை பெரிதாகக் கூச்சல் போட்ட சண்டை இல்லை. மோனிஷா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. தலைமையாசிரியையாகப் புதுக்கோட்டைக்குப் போகச் சம்மதமா என்று கல்வி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கேட்டார்கள். அவள் கடைக்குப் போயிருந்தாள். "அவங்களுக்கு அதுல விருப்பமில்லைங்க" என்று பிரசன்னாவே பதில் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; அவளைத் தனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். வேறொருத்தி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மோனிஷாவுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வெளிப்படி ஏறி மேல்மாடிக்குப் போனவள்தான்; பிறகு கீழ்த்தள வாசலை மிதிக்கவே இல்லை.

பேசாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால் பேச்சு நின்றதாக அர்த்தமில்லை. அது சுற்றிப்போகிறது, அவ்வளவுதான். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று இங்கே தொடங்கும், "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று அங்கே முடியும். நிறைமதி கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே இந்தத் தூது அவள் தலையில்தான். நார்வேயின் வடகோடியில், கடலின் சூட்டை அளக்கும் நிலையத்தில் வேலை கிடைத்துப் போன பிறகும் அது விடவில்லை. மேலே இருந்து ஒரு சொல் நார்வே போய், அங்கிருந்து பன்னிரண்டு படிக்குக் கீழே வந்து சேரும்.

அவள் வெறும் தூது மட்டும் இல்லை. எந்தச் சொல்லையும் அப்படியே கொண்டுபோய் வைக்க மாட்டாள். "மோட்டாரப் போட்டுட்டு மறந்து தொலைக்க வேணாம்னு சொல்லு, சுவரெல்லாம் பாசி" என்று அம்மா எரிந்து விழுந்தால், அப்பாவிடம் அது "தொட்டி நிறைஞ்சா அம்மா ஒரு குரல் குடுக்கறாங்களாம்" என்று போய்ச் சேரும். முள்ளை எடுத்துவிட்டு மீனை ஊட்டுகிற மாதிரி. இரண்டு பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். நிறைமதி தனக்கு மூன்று மாதம் என்று சொன்ன அன்று மழை. மேல்மாடிச் சுவரோரம் மகளின் முகம் மட்டும் மிதந்தது. அந்த முகம் வாந்தியைப் பற்றியும் அசதியைப் பற்றியும் பேசியது. மோனிஷாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் காலைப் பார்க்காமல் ஒரு தாய் என்னத்தைப் பார்ப்பது? வீக்கம் முதலில் பாதத்தில்தான் தெரியும். வயிறு இறங்கியிருக்கிறதா, நடை மாறியிருக்கிறதா, எதையும் பார்க்க முடியாமல் மிதக்கும் முகத்தோடு எத்தனை நாள் பேசுவது என்று அழுதேவிட்டாள். மகள்தான் யோசனை சொன்னாள். நல்ல அலைப்பகிர்வியாக ஒன்று வாங்கி வைத்தால் இரண்டு தளத்துக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்கும் என்றாள்.

கடையிலிருந்து ரெஜினா என்ற பெண் வந்தாள். வீட்டு நிலவரம் அவளுக்கு ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. வெளிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக, மேலே ஒருமுறை கீழே ஒருமுறை என்று சலிக்காமல் விளக்கினாள். மூன்று வகை இருந்தன. முதலாவது, முறைவைப்பி: ஒரு மணி நேரம் கீழே, ஒரு மணி நேரம் மேலே, வாய்க்காலுக்கு முறை வைப்பது போல. மகளுக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம் என்றால் யார் முறையில் வருவாள் என்று மோனிஷா அதைத் தள்ளினாள். இரண்டாவது, சரிபாதியாகப் பிரிப்பது. முழுசாக இருக்கிற மகளையும் அரையாக்க வேண்டுமா என்று கீழேயிருந்து பிரசன்னா தள்ளினார்.

மூன்றாவதன் பெயர் நிரப்பி. அலை எங்கே போதவில்லையோ அங்கே அது தானாக நிரப்பிக்கொள்ளும்.

"கால் வரலன்னா கால இதுவே போட்டுக்கும்மா" என்றாள் ரெஜினா. "கொஞ்ச நாள் பாத்துச்சுன்னா அவங்க எப்படி நடப்பாங்க, எப்படிச் சிரிப்பாங்க எல்லாம் கத்துக்கும். அப்புறம் மேலயும் முழு ஆளு, கீழயும் முழு ஆளு. இன்னொன்னு, நீங்க மாடிக்கும் கீழுக்கும் சொல்லிக்கற பேச்சு எதுக்கும்மா நார்வே வரைக்கும் போய்ட்டு வரணும்? அத இது வீட்டுக்குள்ளயே முடிச்சிரும். மிச்சமாகுற அலை பூரா உங்க பொண்ணுக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. மேலே சரி என்றார்கள், கீழேயும் சரி என்றார்கள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு தளமும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

வெள்ளை நிறத்தில், வெல்ல அச்சு அளவுக்கு ஒரு பெட்டி கீழே சுவரில் ஏறியது. அதன் ஜோடி மேலே ஏறியது. மறுநாள் மாலை நிறைமதி மேல்மாடியில் முழு உருவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மோனிஷா அவள் பேசியதைக் கேட்கவே இல்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெட்டி இருந்தது. வீக்கம் இல்லை.

அதன் பிறகு வந்த மாதங்களைப் போல நல்ல மாதங்களை அந்த வீடு பார்த்ததில்லை. மகள் தினமும் வந்தாள். முன்பெல்லாம் வேலை இருக்கிறது, கப்பல் வருகிறது என்று பாதியில் எழுந்து போவாள்; இப்போது அவசரமே இல்லை. மசக்கைக்கு விடுப்புக் கொடுத்திருப்பார்கள் என்று மோனிஷா நினைத்துக்கொண்டாள். தூதும் இனித்தது. "மழையில மேல ஒழுகுதான்னு அப்பா கேக்கறார்" என்று மகள் சொன்ன அன்று, மோனிஷா எழுந்து போய்க் கூரை மூலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைத்து, ஒரு தூக்கில் ஊற்றி, மாடிப்படியின் திருப்பத்தில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் தூக்கு கழுவித் துடைத்து அதே இடத்தில் இருந்தது. உள்ளே நாலு முழம் முல்லை. கன்னம் சிவந்துபோனதை அவளே உணர்ந்தாள். அறுபத்திரண்டு வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பேச்சு நாளுக்கு நாள் கூடியது. காலையில் எழுந்ததும் மகள் வருவாள்: அப்பா நேற்று சரியாகத் தூங்கவில்லையாம். மதியம் வருவாள்: அப்பாவுக்கு அந்தக் குழம்பு இன்னொரு நாள் வேண்டுமாம். மோனிஷா சொல்லி அனுப்புவாள், பதில் உடனே திரும்பும். மகளின் வயிறு மெல்ல மேடிட்டது. அவள் இடுப்பில் கையூன்றி எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்து, ஆண் குழந்தை என்று மோனிஷா தீர்மானமே செய்துவிட்டாள்.

ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்பு நடத்த வேண்டும். மகள் அங்கே இருந்தாலும் அலையுருவாக இங்கே வந்து உட்காரட்டும், பெண்கள் சந்தனம் பூசுகிற பாவனையாவது செய்யட்டும், வளையலை ஆதவ் வரும்போது கொடுத்தனுப்பலாம் என்று முடிவாயிற்று. ஆதவ் மருமகன், ஆய்வுக் கப்பலில் மாதக்கணக்கில் கடலில் இருப்பவன். எந்த நாள், எத்தனை வகைச் சாதம், யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் புருஷனும் பெண்டாட்டியும் மகள் வழியாகவே பேசி முடித்தார்கள். பிரசன்னா சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பினார். ஒரே தளத்தில் சேர்ந்து குடித்தனம் நடத்திய காலத்தில்கூட அவர்கள் ஒரு காரியத்தை இவ்வளவு ஒற்றுமையாகச் செய்ததில்லை.

விசேஷத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, காலைப் பலகாரம் முடிந்த வேளையில், மோனிஷா மேல்மாடியில் வளையல் டஜன்களைப் பாயில் பரப்பி மகளிடம் நிறம் காட்டிக்கொண்டிருந்தாள். மகள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, பச்சை போதும் அம்மா, சிவப்பு கொஞ்சம் சேர்த்துக்கோ என்றாள். வெளிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தே கிடந்தது.

வாசலில் நிறைமதி நின்றாள்.

கையில் ஒரு பெட்டி. தோளில் குளிர்நாட்டுக் கோட்டு. முகம் ஒடுங்கி, கழுத்தெலும்பு தெரிய, வயிறு ஒட்டிப்போய் நின்றாள். மோனிஷா அவளைப் பார்த்தாள். திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவளும் வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டது நாற்காலியில் இருந்த உரு.

வாசலில் நின்றவள் ஓரடி உள்ளே வந்தாள். தன் முகத்தையும் தன் கையையும், அந்தக் கை அணைத்திருந்த வயிற்றையும் வெகுநேரம் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது எத்தன மாசம்மா?" என்றாள்.

"ஏழு" என்று மோனிஷாவின் வாயில் தானாக வந்தது.

"எனக்கு அஞ்சுலயே போயிடுச்சு. ஆதவ் கடல்ல இருந்தான். ஆஸ்பத்திரில தனியாத்தான் கெடந்தேன். கண்ணு முழிச்சதும் மொதல்ல உன்னத்தான் கூப்பிட்டேன். உன்கிட்டதாம்மா சொன்னேன்."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் காத்திருந்திருக்கிறாள். அம்மா அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்பாள், அப்பாவாவது கேட்பார் என்று காத்திருந்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, சிங்கப்பூரில் இருக்கும் பெரியம்மா மகன், நேரில் வருகிறாயா அலையுருவாக வருகிறாயா என்று வாழ்த்துச் சொல்லி, அவளுடைய வளைகாப்பு அழைப்பையே அவளுக்கு அனுப்பியிருக்கிறான். பதறிப்போய்க் கூப்பிட்டாள். எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது, நீ அலட்டிக்கொள்ளாதே என்று அம்மா சிரித்தாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டாள். இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

மோனிஷா எழுந்தாள். வளையல்கள் காலில் இடறின. மகளிடம் போய் அவள் கையைப் பிடித்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு தொட்ட கை சூடாக இருந்தது. சொல்ல வேண்டியது மலைபோல் இருந்தது. எந்தப் பக்கம் தொடுவது என்று தெரியவில்லை. கடைசியில் வாய் திறந்தபோது வந்தது இவ்வளவுதான்:

"சரிம்மா... சரி. உடம்பப் பாத்துக்கோ."

நிறைமதி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதையேதாம்மா சொன்னே" என்றாள். "இதே மாதிரி. இதே இழுப்போட. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல."

அப்போதுதான் மோனிஷாவுக்கு முழுசாக உறைத்தது. அவள் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி இருந்து, அவள் பேரில் அவள் மகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதைவிடக் கொடுமை, பதிலைத் தப்பாகச் சொல்லவில்லை. கேட்காமல் தன் பேரில் பதில் சொன்னார் என்பதற்காக ஒரு மனிதரைப் பதினோரு வருஷம் ஒதுக்கி வைத்தவள், மகள் பேரில் பதில் சொன்ன பெட்டியோடு இத்தனை மாதம் கொஞ்சிக் குலாவியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அந்த வீட்டில் வாய் ஒரு பெட்டிக்குப் போய்விட்டது. வயிறு மட்டும் தனியாக எங்கோ வலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"உங்கப்பாகிட்ட..." என்று தொடங்கினாள் மோனிஷா, பழக்கதோஷம்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள்.

மோனிஷா படியிறங்கினாள். கீழ்த்தள வாசற்படியில் ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே கால் வைத்தாள். பிரசன்னா மூக்குக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, சமையல்காரர் சொன்ன சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அவருக்கான நிறைமதி, வயிறும் சிரிப்புமாக, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"குழந்த இல்லையாம்" என்றாள் மோனிஷா. அவரைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உரு பிரசன்னாவிடம் திரும்பியது. "அப்பா, அம்மா கீழ வந்திருக்காங்க. எல்லாம் நல்லபடியா நடக்கணுமேன்னு கவலையா இருக்காம்."

"கவலப்பட வேணாம்னு சொல்லு. பந்திக்கு ஆள் சொல்லியாச்சு" என்றார் பிரசன்னா, தலையை நிமிர்த்தாமல்.

உரு சிரித்துக்கொண்டே மோனிஷாவின் பக்கம் திரும்பியது. அதற்குள், பின்னால் வந்த மகள் சுவரிலிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டாள். உரு அணைந்தது. பிரசன்னா நிமிர்ந்து பார்த்தார். அணைந்துபோன இடத்தை முதலில் பார்த்தார், பிறகு வாசல் பக்கம்.

"அப்பா, குழந்த போயிடுச்சு. ரெண்டு மாசமாச்சு" என்றாள் நிறைமதி.

பதினோரு வருஷமாக ஒவ்வொரு சொல்லிலும் முள் எடுத்துக் கொடுத்தவள், இதை முள்ளோடு கொடுத்தாள். பிரசன்னா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அதைத் தேடினார்.

ரெஜினா வந்து பார்த்துவிட்டு விளக்கம் சொன்னாள். அவளுக்கு இதில் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பெட்டி பழுதாகவும் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் பேச்சுக்குத்தான் அது முதலிடம் கொடுக்கும். மேலும் கீழும் பேச்சு அதிகமாக ஆக, வெளியிலிருந்து வருகிறவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. நிஜ மகள் கூப்பிட்டபோதெல்லாம் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள், நிரப்பி எழுப்பிய அவளோடுதான். இடமில்லாதபோது நிரப்பி இரண்டு பக்கமும் நிரப்பும். அவர்களுக்கு ஒரு மகளையும், மகளுக்கு ஒரு தாய்தகப்பனையும். வெளியிலிருந்து கேட்டதை உள்ளே சொல்வது அதன் வேலை இல்லை. மூன்று மாதம் என்று அதற்குத் தெரியும். மூன்றுக்கு அடுத்து நாலு, நாலுக்கு அடுத்து ஐந்து என்று அது போட்டுக்கொண்டது. இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்று ரெஜினா வியந்தாள். தினமும் பேசியதையே பேசுகிறவர்கள் என்பதால் அதற்குச் சுலபமாகப் போயிற்றாம். நிரப்புவதை நிறுத்திவிட்டால் நிஜம் மட்டும்தான் வரும், ஆனால் ஒரு தளத்துக்குத்தான் வரும் என்றாள். எந்தத் தளம் என்று கேட்டாள். கீழே என்று மகள்தான் சொன்னாள்.

பிரசன்னா ஒவ்வொரு சொந்தக்காரராகக் கூப்பிட்டு விசேஷம் இல்லை என்று சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம் ஏன் என்றும் சொன்னார். அவர் குரல் உடைவதை மோனிஷா படியில் நின்று கேட்டாள். மாடிப்படித் திருப்பத்தில் தூக்கு காலியாகக் கிடந்தது. மழையில் ஒழுகுகிறதா என்று அவர் கேட்டது நிஜமா? அந்த முல்லை அவர் கைப்பட வைத்தது; ஆனால் பெட்டி அவரிடம் என்ன சொன்னதால் வைத்தார்? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் அவள் கேட்கவில்லை. அவரும் அதனால்தான் கேட்கவில்லை என்று தோன்றியது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று ஊரே சொல்கிறது. அவர்கள் இருவரும் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நிறைமதி ஒரு வாரம் இருந்தாள். பெரும்பாலும் தூங்கினாள். மோனிஷா பத்தியம் வைத்துக் கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்த வார்த்தை பயந்து திரும்பிப் போயிற்று. தன் வாயிலிருந்து எது வந்தாலும் அது அந்தப் பெட்டி ஏற்கெனவே சொன்னதாக இருந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மகளும் எதையும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று, வண்டி வாசலில் நிற்க, இருவரையும் சேர்த்து நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம கூப்பிடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருங்க. பொட்டிய நிறுத்தியாச்சுன்னு அந்தக் கடைக்காரம்மா சொல்றாங்க. ஆனா நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கேப்பேன். இதுவரைக்கும் என்கிட்ட சொல்லாதது ஒண்ணு நீங்க சொல்லணும். அப்பத்தான் நம்புவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அது மோனிஷாவுக்கு இன்னும் வலித்தது.

ஞாயிறு வருவதற்குள் அவள் பட்டபாடு கொஞ்சமில்லை. சொல்லாதது என்று என்ன இருக்கிறது? சமையல், உடம்பு, மாத்திரை, அக்கம்பக்கத்துக் கல்யாணம், மழை, வெயில். முப்பது வருஷமாக மகளிடம் பேசிய அத்தனையும் ஒரு வெள்ளைப் பெட்டிக்கு ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. இவ்வளவுதானா நான் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கீழ்த்தளக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தன. நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். வரத்து அன்று மெலிந்திருந்தது. நிறைமதி வந்தாள், வெளிறி, ஓரங்கள் நடுங்க, இரண்டு பாதமும் இல்லாமல் வந்தாள். நிரப்ப ஆளில்லை.

"சொல்லும்மா" என்றாள்.

மோனிஷா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை.

"உனக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு போச்சு" என்றாள். "ரெண்டாம் மாசம். யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன். 'சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ'ன்னு சொல்லி, மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொன்னாங்க. அதுக்கு மேல என்ன சொல்லணும்னு அவங்களுக்கும் தெரியல. எனக்கும் தெரியலடி. ஆனா அன்னிக்கு எனக்கு யாராவது பக்கத்துல உக்காந்து அழுதிருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு. அத நான் உனக்குச் செஞ்சிருக்கணும்."

உரு அசையாமல் நின்றது. அலை அறுந்ததா, மகள் உறைந்துபோனாளா, தெரியவில்லை.

"எப்ப?" என்று ஒரு குரல் கேட்டது.

பிரசன்னாதான் கேட்டார். மகளைப் பார்த்துக் கேட்கவில்லை. நாற்காலியில் திரும்பி, மோனிஷாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவள் திணறினாள். இத்தனை காலத்துக்குப் பிறகு நேராக வந்த கேள்விக்கு எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வதென்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு அவர் பக்கமே திரும்பினாள்.

"உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மொத நாள். வேல செய்யாம உக்காந்தே இருக்கேன்னு எல்லார் முன்னாடியும் கத்துனீங்களே, அன்னிக்கு."

அவர் கை நடுவிலிருந்த இடைவெளியைத் தாண்டி வந்து அவள் நாற்காலியின் கைப்பிடியில் நின்றது. அந்தச் சொல்லை அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெளிறிய உரு அசைந்தது. நார்வேயில் இருப்பவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள் நிறைமதி. "நீதாம்மா."